கட்டி தட்டுப்பட்ட நாளுக்கும் முடிவு வரும் நாளுக்கும் இடையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒக்டோபர் பிறந்தால் வன்னியிலும் இளஞ்சிவப்பு நாடா குத்துகிறோம். ஏ9 வீதியோரம் பதாகை பிடித்து நடக்கிறோம். மாதம் ஒருமுறை மார்பைத் தடவிப் பாருங்கள் என்று துண்டுப்பிரசுரம் கொடுக்கிறோம். சரி, ஒருத்தி தடவிப் பார்த்தாள். விரலில் ஒன்று தட்டுப்பட்டது. அதன்பிறகு எங்கே போவது, எத்தனை நாள் எடுக்கும், எந்தத் தாளை யாரிடம் கேட்டு வாங்குவது? துண்டுப்பிரசுரம் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது. வன்னியின் கிளினிக்குகளில் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதியரும் குடும்பநல உத்தியோகத்தர்களும் சேர்ந்து எழுதும் கடிதம் இது. எங்கள் கணிப்பைச் சொல்லிவிடுகிறோம்: அந்தக் காத்திருப்பில் ஆய்வுகூடம் எடுக்கும் நாள்கள் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வீட்டிலும் வழியிலும் தவறிப்போன தாளிலும் கழிகின்றன. அவற்றைக் குறைக்க முடியும்.

மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பத்துக்கு எட்டோ ஒன்பதோ புற்றுநோய் அல்ல. 15 முதல் 30 வயதுக்குள் வருவது பெரும்பாலும் நார்க்கட்டி. றப்பர் போல இருக்கும், விரலுக்கு அகப்படாமல் வழுக்கும். 35 முதல் 50 வரை நீர்க்கட்டிகள் அதிகம். மாதவிடாய்க்கு முன் வீங்கி நோகும், பிறகு சுருங்கும். பால் கொடுக்கும் தாய்க்குப் பால் கட்டும், சீழும் வைக்கும். அடிபட்ட இடத்தில் கொழுப்பு இறுகிக் கல்லுப்போல ஆவதும் உண்டு. இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. நோகாத கட்டி நல்ல கட்டி என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. உண்மையில் புற்றுக்கட்டி தொடக்கத்தில் அநேகமாக நோவதில்லை. "நோகட்டும், பிறகு பாப்பம்" என்று மாதக்கணக்கில் விடுவதற்கு அந்தப் பேச்சே காரணம்.

கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லக்கூடியது ஒரேயொரு நிலைதான். வயது 30க்குக் கீழே, மாதவிடாய் நெருங்கிய நாளில் தட்டுப்பட்டது என்றால், மாதவிடாய் தொடங்கி 7ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையில் மறுபடி பாருங்கள். அந்த நாள்களில் மார்பு மெத்தென்று இருக்கும். அப்போதும் கட்டி இருந்தால் கிளம்பவேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு இந்தத் தவணை கிடையாது. தோல் குழிவது, தோடம்பழத் தோல்போலத் தடிப்பது, முன்பு நேராக இருந்த முலைக்காம்பு உள்ளே இழுபடுவது, காம்பிலிருந்து இரத்தம் கசிவது, கமக்கட்டில் இன்னொரு கட்டி, பால் கொடுக்காதவரின் மார்பு சிவந்து சூடாவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கிழமையே போகவேண்டும். கடைசியாகச் சொன்ன சிவப்பைச் சீழ்க்கட்டி என்று நினைத்து மருந்து கொடுப்பது வழக்கம்; அதில் தவறில்லை. ஆனால் ஒன்றிரண்டு கிழமையில் குறையாவிட்டால் அதே மருந்தை இன்னொரு சுற்று எடுக்காமல் மேற்கொண்டு சோதிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். பிள்ளைத்தாய்ச்சிக்கும் பால் கொடுப்பவருக்கும் இதே நியாயம். இரண்டு கிழமை தாண்டியும் நிற்கும் கட்டியைப் பால்மேல் பழிபோட்டு விடக்கூடாது. ஒலி அலையால் படம் பிடிக்கும் ஸ்கான் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது.

பத்துப் போடுவது பற்றியும் சொல்லவேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுகிறார்கள், எண்ணெய் விட்டு உருவுகிறார்கள், சுடச்சுட ஒத்தடம் வைக்கிறார்கள். கட்டி இதனால் கரைவதில்லை. தோல் வெந்து சிவக்கிறது. பிறகு பார்க்கும் வைத்தியருக்கு அந்தச் சிவப்பு நோயினாலா சுண்ணாம்பினாலா என்று பிரிக்க முடிவதில்லை.

வழி நேரானது. உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் பெண்களைப் பரிசோதிக்கும் வெல்வுமன் கிளினிக்குக்குப் போகலாம். 1996இல் தொடங்கிய அந்தக் கிளினிக் 35, 45 வயதுக்காரரைக் குறிவைத்து அழைப்பதால் மற்றவர்களுக்கு இடமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வயதுகள் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்காகச் சொன்னவை. கட்டி தட்டுப்பட்ட 28 வயதுக்காரியையும் அங்கே பார்ப்பார்கள். ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்கு நேரே போனாலும் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தருவார்கள். கையில் துண்டு கிடைத்ததும் மூன்றைக் கேளுங்கள்: அந்தக் கிளினிக் எந்தக் கிழமை நாள், எத்தனை மணிக்குள் இலக்கம் எடுக்கவேண்டும், அந்த நாள் போயாவிலோ வேறு விடுமுறையிலோ விழுந்தால் என்ன செய்வது. கொக்குத்தொடுவாயிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தும் இலக்கம் முடிந்துபோனால், போனது அடுத்த கிழமை வரைக்குமான ஏழு நாள், கூடவே ஒரு நாள் கூலி. ஆண் வைத்தியர் என்று தயங்கவேண்டாம். பக்கத்தில் ஒரு தாதியை நிற்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் எவரும் முகம் சுளிக்கக் கூடாது.

மார்புக் கட்டிக்குச் சோதனை மூன்று: கையால் பார்ப்பது, படம் பிடிப்பது, ஊசியால் எடுத்துப் பார்ப்பது. மூன்றின் விடையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவேண்டும். அப்போதுதான் முடிவு என்று சொல்லலாம். இந்த ஒரு வரியை மனதில் வைத்திருந்தால் பின்னால் நிறையக் குழப்பம் தீரும்.

வரிசையும் முக்கியம். முதலில் படம், பிறகு ஊசி. ஊசி குத்திய இடத்தில் உள்ளே இரத்தம் கண்டுவிட்டால் படத்தில் கட்டியின் விளிம்பு மங்கும். சாதாரணக் கட்டிகூடப் பயங்கரமாகத் தெரியலாம். பிறகு அது கரையும்வரை ஓரிரு கிழமை காத்திருந்து படத்தை மறுபடி எடுக்கவேண்டி வரும். இளவயதில் மார்பு இறுக்கமாக இருப்பதால் மமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரேயில் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். ஆகவே 35, 40க்குக் கீழே என்றால் முதலில் ஸ்கான்தான். அதற்குப் பட்டினி கிடக்கவோ தண்ணீர் குடித்து முட்டவோ தேவையில்லை. அதற்கு மேற்பட்ட வயதில் மமோகிராமும் சேரும். எல்லா ஆஸ்பத்திரியிலும் மமோகிராம் கிடையாது. எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தத் திகதிக்கு என்று கடிதம் வாங்கும்போதே கேளுங்கள். போகிற அன்று கமக்கட்டிலும் மார்பிலும் பவுடர், வாசனைத் திரவியம் எதுவும் பூசக் கூடாது. அவற்றிலுள்ள துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிபோல விழுந்து வீண் பயம் தரும். முழுச் சட்டை போடாமல் பாவாடையும் மேற்சட்டையுமாகப் போனால் இடுப்புக்கு மேலே மட்டும் கழற்றினால் போதும். ஒவ்வொரு மார்பும் தட்டுக்களுக்கிடையில் இரண்டு முறை அமத்தப்படும். நோகும், ஆனால் சில விநாடிதான். பழைய படம் இருந்தால் மறக்காமல் கொண்டுபோங்கள். புதியதை அதோடு ஒப்பிட்டுத்தான் வளர்ந்ததா என்று சொல்ல முடியும்.

வன்னிக்கென்று தனியாகச் சொல்லவேண்டியது, போரில் உடம்பில் பாய்ந்த செல் (எறிகணை) துண்டு. 2009இலும் அதற்கு முன்னரும் காயப்பட்ட பலரின் நெஞ்சிலும் தோளிலும் மார்பிலும் இன்னும் உலோகத் துண்டு இருக்கிறது. படம் எடுப்பவரிடம் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். மமோகிராமில் உலோகம் பளிச்சென்று வெள்ளையாக விழும். சொல்லாவிட்டால் அது என்ன என்று தேடுவதிலேயே ஒரு தவணை போய்விடும், அமத்தும்போதும் கவனிக்க முடியாது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் கட்டாயம் சொல்லவேண்டும், அந்தக் காந்தம் உலோகத்தை அசைக்கவும் சூடாக்கவும் கூடியது. இன்னொரு பக்கமும் உண்டு. துண்டைச் சுற்றித் தசை இறுகிக் கட்டிபோல ஆவது உண்மை. அதற்காக, வடுவுக்குப் பக்கத்தில் புதிதாக வந்த எதையும் "அது அந்தச் செல் காயம்தான்" என்று தள்ளிவிடக் கூடாது. பதினைந்து வருடம் பேசாமல் கிடந்த இடத்தில் இப்போது கட்டி வளருகிறது என்றால் அதையும் ஊசியால் பார்க்கவேண்டும்.

ஊசியில் இரண்டு வகை. மெல்லிய ஊசி இரத்தம் எடுக்கும் ஊசி அளவே இருக்கும். விறைக்கச் செய்யாமலே குத்தி, உள்ளே முன்னும் பின்னும் அசைத்துக் கலங்களை உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தேய்ப்பார்கள். சில நிமிட வேலை. மற்றது தடித்த ஊசி, பயொப்சி என்பது அது. விறைப்பு மருந்து போட்டு, தோலில் சில மில்லிமீற்றர் கீறி, இடியப்ப நூல் தடிப்பில் சதைத்துண்டு நாலைந்து எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டேப்ளர் அடிப்பதுபோல "டக்" என்று சத்தம் வரும். அதை முன்பே சொல்லிவைத்தால் பெண்கள் துள்ளமாட்டார்கள், துள்ளாவிட்டால் ஊசி இடம் மாறாது. மெல்லிய ஊசி விரைவானது, ஆனால் கலம் கெட்டதா என்று மட்டும்தான் சொல்லும். கட்டி சுற்றியுள்ள சதைக்குள் ஊடுருவியதா, ஹோர்மோன் மருந்து பலன் தருமா என்பதெல்லாம் தடித்த ஊசித் துண்டில்தான் சரியாகத் தெரியும். "எனக்கு ஏன் இரண்டு ஊசி?" என்று கோபப்படுகிறவர்களுக்கு அதுதான் விடை. அஸ்பிரின், குளோபிடோகிறெல், வார்பரின் குடிப்பவர்கள் முன்பே சொல்லவேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது, நிறுத்துவதா என்பதை வைத்தியர் சொல்லட்டும். எடுத்தபின் பத்து நிமிடம் அமத்திப் பிடிக்கவேண்டும். அன்றைக்குத் தண்ணீர்க் குடம் தூக்குவது, கிணற்றில் அள்ளுவது, விறகு கொத்துவது வேண்டாம். நீலம் பாய்ந்தால் பயமில்லை. இரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, காய்ச்சலோடு சிவந்து வீங்கினாலோ திரும்பிப் போகவேண்டும்.

ஊசி குத்தினால், கத்தி பட்டால் பரவும் என்ற பயம் வன்னியில் மட்டுமல்ல, எங்கும் உண்டு. ஊசியால் நோய் பரவுவதில்லை. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் விளங்கும்: கட்டி புண்ணாகி வெடித்தபிறகு வருகிறார்கள், அப்போது வெட்டினாலும் சில மாதத்தில் இறந்துவிடுகிறார்கள், ஊர் கண்ணில் பட்டது கத்தி மட்டும்தான், அதற்கு முன் போன இரண்டு வருடம் யார் கணக்கிலும் இல்லை.

இனி, ஆஸ்பத்திரிகளுக்கும் உறைக்கவேண்டிய பகுதி. எடுத்த சதைத்துண்டு, அதைப் பழுதாகாமல் காக்கும் போர்மலின் என்ற திரவத்தில் உடனே விழவேண்டும், துண்டைப்போலப் பத்து மடங்கு போர்மலின் வேண்டும். ஒரு மணித்தியாலம் வெளியே கிடந்தாலே சதை பழுதாகத் தொடங்கும், ஹோர்மோன் சோதனை பிழையாக வரலாம். சேலைனில் போட்டு அனுப்பினால் ஆய்வுகூடத்துக்குப் போவது அழுகிய சதை. ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72க்கு மேற்படாமலும் அது போர்மலினில் ஊறவேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்து, நீண்ட விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை வாகனம் ஏறினால் அந்தக் கணக்குத் தப்பும். மெல்லிய ஊசித் தகடோ, நனைத்துவைக்க வேண்டியதைக் காயவிட்டால் படிக்க முடியாமல் போகும். இவை எல்லாம் ஒரே தண்டனையில் முடிகின்றன: "மறுபடி எடுக்கவேண்டும்." அந்தச் சொல்லைக் கேட்ட பெண்களில் சிலர் திரும்பி வருவதில்லை.

அடுத்தது பெயர். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது துண்டில் ஒருவிதம், போத்தலில் ஒருவிதம், பதிவேட்டில் இன்னொருவிதம். ஒரு இடத்தில் தகப்பன் பெயர் முன்னுக்கு, மற்ற இடத்தில் புருஷன் பெயர். அடையாள அட்டை இலக்கத்தை நம்பினால் பழையது 9 இலக்கமும் ஒரு எழுத்தும், புதியது 12 இலக்கம். ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கும். ரிப்போட் வந்து பெட்டியில் கிடக்கும், தேடுகிறவருக்குக் கிடைக்காது. ஆகவே எங்கள் புத்திமதி: ஒரு எழுத்துக்கூட்டைத் தேர்ந்து ஒரு காகிதத்தில் எழுதி எல்லா இடத்திலும் அதையே காட்டுங்கள். போத்தலில் பெயர், வயது, கிளினிக் இலக்கம், இடதா வலதா, மார்பை மணிக்கூடாக நினைத்தால் கட்டி எந்த இலக்கத்துப் பக்கம் என்பதெல்லாம் ஒட்டியிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். மாற்றாமல் வைத்திருக்கும் தொலைபேசி இலக்கம் ஒன்றையும், பக்கத்து வீட்டு இலக்கம் ஒன்றையும் கொடுங்கள். பொதி மலிவென்று சிம்மை மாற்றிக்கொண்டே போனால் எந்த ஆஸ்பத்திரியும் உங்களைப் பிடிக்க முடியாது.

எத்தனை நாள்? மெல்லிய ஊசியின் விடைக்கு ஒரு கிழமை, வாகனப் போக்குவரத்துச் சேர்ந்தால் இரண்டு. பயொப்சிக்கு இரண்டு முதல் மூன்று கிழமை. புற்றுநோய் என்று வந்தால் எந்த மருந்து பலன் தரும் என்று பார்க்கும் ஈஆர், பிஆர், ஹெர் 2 என்ற சோதனைகளுக்கு இன்னும் ஒன்றிரண்டு கிழமை. ஹெர் 2 இரண்டு பிளஸ் என்று நடுவில் நின்றால் அதற்கு மேலும் ஒரு சோதனை. இந்தக் காத்திருப்பில் நோய் ஓடிப்போய்விடாது. கையில் தட்டுப்படும் அளவுக்குக் கட்டி வளர ஏற்கெனவே வருடக்கணக்கில் எடுத்திருக்கும்; மூன்று கிழமை அதை மாற்றாது. மூன்று மாதம் மாற்றும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சியில் ஒரு எல்லை வைத்திருக்கிறது: முதல்முறை வைத்தியரிடம் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் முடிவு தெரியவேண்டும். நாள்காட்டியில் அந்த 60ஆம் நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நெல் வெட்டு முடியட்டும், வற்றாப்பளைப் பொங்கல் முடியட்டும், மடுத் திருவிழா முடியட்டும், மகனின் சோதனை முடியட்டும் என்பவை எல்லாம் அந்த 60க்குள்தான் அடங்கவேண்டும். காலபோகத்து மழையில் வீதி மறிபடும் மாதங்களில் தவணை விழுந்தால், போக முடியாது என்று முதல்நாளே தொலைபேசியில் சொல்லி அடுத்த திகதியை வாங்குங்கள். சொல்லாமல் நின்றால் கொப்பியில் "வரவில்லை" என்று விழும், அவ்வளவுதான்.

ரிப்போட் ஆங்கிலத்தில் இருக்கும். எழுத்தையும் இலக்கத்தையும் மட்டும் பார்க்கத் தெரிந்தால் பாதி பயம் போகும். ஸ்கானிலும் மமோகிராமிலும் பைராட்ஸ் என்று போட்டு 0 முதல் 6 வரை ஒரு இலக்கம் இருக்கும். 1, 2 சாதாரணம். 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் சாத்தியம் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு, ஆறு மாதத்தில் மறுபடி படம். 4, 5 என்றால் ஊசி கட்டாயம். 0 என்பதைச் "சைபர், ஒண்டுமில்லை" என்று வாசித்து வீட்டுக்குப் போனால் அநியாயம். படம் போதவில்லை, இன்னும் எடுக்கவேண்டும் என்பதே அதன் அர்த்தம். மெல்லிய ஊசிக்கு சி, பயொப்சிக்கு பி. இரண்டிலும் 1 முதல் 5 வரை. 2 நல்லது, 5 புற்றுநோய். சி 1 என்பதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். எடுத்ததில் போதிய கலம் இல்லை என்று அர்த்தம். யாரோ அதைத் தமிழில் "ஒன்றும் இல்லை" என்று சொல்ல, கேட்டவர் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார். நல்ல விடை வந்தாலும் படமும் கையும் வேறு கதை சொன்னால் ஊசியை மறுபடி கேளுங்கள். மூன்றும் ஒத்துப்போகவேண்டும் என்று மேலே சொன்னது இதற்குத்தான்.

எங்கேயாவது ஊசிச் சோதனை இல்லாமலே கட்டியை வெட்டி எடுத்தால், எடுத்த கட்டி ஆய்வுகூடத்துக்குப் போகிறதா என்று கேளுங்கள், ரிப்போட்டின் பிரதியை வாங்காமல் விடாதீர்கள். கழித்துப் போட்ட கட்டிக்குப் பிறகு விடை கிடையாது. புற்றுநோய் என்றே வந்தாலும் எல்லாவற்றுக்கும் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏறவேண்டிய காலம் போய்விட்டது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. படம், ரிப்போட், துண்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு மழைக்குப் பொலித்தீன் சுற்றிக் கொண்டுபோங்கள். ஆண்களே, உங்களுக்கும் இது வரும், அரிதாக. முலைக்காம்புக்குக் கீழே கடினமான கட்டி என்றால் வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம்.

சுகாதாரத் துறையிடம் நாங்கள் கேட்பவை பெரிய கட்டடங்கள் அல்ல. சதைத்துண்டு எடுக்கும் அன்றே கிளினிக் அட்டையில் விடை வரும் திகதியையும் கேட்டறிய ஒரு தொலைபேசி இலக்கத்தையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். அனுப்பிய துண்டுகளுக்கு ஒரு கொப்பி வையுங்கள். ஒவ்வொரு கிழமையும் ஒருவர் அதைத் திறந்து, விடை வராததற்கு ஆய்வுகூடத்தையும், விடை வந்தும் ஆள் வராததற்கு வீட்டையும் அழைக்கட்டும். அந்தப் பெண் சம்மதித்தால் அவளின் குடும்பநல உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். சம்மதம் என்ற சொல்லை வேண்டுமென்றே போடுகிறோம். கலியாணம் பேசும் வீட்டில் பிள்ளையின் நார்க்கட்டிகூட ஊர்க்கதையாகிவிடும் என்ற பயத்தில்தான் பல தாய்மார் மறைக்கிறார்கள்.

உங்களிடம் கேட்பது ஒரு சாண் இடம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட ஆஸ்பத்திரிகளின் சத்திரசிகிச்சைக் கிளினிக் நாள்களையும் வெல்வுமன் கிளினிக் நாள்களையும் மாதத்தின் முதல் ஞாயிறில் போடுங்கள். போயாவுக்காக மாறும் நாளையும் சேர்த்துப் போட்டால், விடிய முன்னம் பஸ் ஏறி வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் குறைவார்கள்.

இப்படிக்கு,
வன்னியில் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதியரும் குடும்பநல உத்தியோகத்தர்களும்
கிளிநொச்சி